மகளின் இசைத்தட்டுகளை நான் வாங்கித் தீர்த்த கிழமை

பெப்ரவரி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணி பன்னிரண்டு நிமிடம். வெளியில் ஒரு பாகை. மழை பாதி, பனி பாதி. பீலெஃபெல்டில் எங்கள் குசினி யன்னலில் வெயில் பட்டு இருபத்துமூன்று நாளாகியிருந்தது.

தொலைபேசி அடித்தது. ஹம்பேர்க்கிலிருந்து மகள் அபிராமி.

"அப்பா, உள்ளுக்கு வந்திட்டம்!"

"எங்க உள்ளுக்கு? வீட்டுத் திறப்பை விட்டிட்டு வெளியில நிண்டனியோ?"

"ஐயோ அப்பா, பட்டியலுக்குள்ள! போன கிழமை ஜேர்மனி முழுக்க வித்த இசைத்தட்டுப் பட்டியல். முதல் நூறிலை நாங்கள் எழுபத்தொன்பது!"

என் மனைவி புவனம் அகப்பையைப் பிடித்தபடியே அழத் தொடங்கினாள். பிறகு அடுப்பை நிற்பாட்டிவிட்டுச் சாமித்தட்டுக்குப் போய் விளக்கேற்றினாள். நான் "நல்லது பிள்ளை, நல்லது" என்று இரண்டு தரம் சொன்னேன். மகள் அதோடு தொலைபேசியை வைத்திருந்தால், என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஐந்து நாட்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

அவள் வைக்கவில்லை.

"எந்த ஊரில ஆகக் கூட வித்திருக்கு, சொல்லுங்கோ பாப்பம்? ஹம்பேர்க் இல்லை, பெர்லின் இல்லை. எங்கட பீலெஃபெல்ட்! ஒரு கிழமையில, ஏழே நாளில, நூற்றி இருபத்தேழு. நான் அந்த ஊரில எத்தினை வருசம் பாடினனான் அப்பா! ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. இப்ப பாருங்கோ!"

இப்போது அவளும் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் நேர்காணல் இருக்கிறது, அங்கே முதல் வேலையாக இதைத்தான் சொல்லப் போகிறேன் என்றாள்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டு நிலக்கீழ் அறைக்கு இறங்கினேன். காரின் கோடைகால ரயர்கள் நாலுக்கும் பின்னால், பழைய படுக்கை விரிப்பால் மூடியபடி ஆறு பெட்டிகள் இருந்தன. அவற்றுக்குள் என் மகளின் இசைத்தட்டுகள், பொலித்தீன் பிரிக்காதவை, இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் நூற்றுப் பதினெட்டை நான் பீலெஃபெல்டில் வாங்கியிருந்தேன்.

நான் ரயர் ஒன்றின் மேல் இருந்துவிட்டேன். வென்றது அவளா, நானா?

முதலில் ஒரு திருத்தம்

போன கிழமை இந்தப் பத்தியில், நாங்கள் முதலில் தங்கிய அகதி முகாமில் ஆறு குடும்பத்துக்கு நாலு அடுப்பு என்று எழுதியிருந்தேன். பிழை. அடுப்பு ஐந்து, ஒன்று வேலை செய்யவில்லை. அதே முகாமில் இருந்த ஒரு வாசகி எழுதித் திருத்தியிருக்கிறார். அவருக்கு நன்றி. மூன்று நாள் எனக்கு அது மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியர். ஜேர்மனியில் இருபத்தேழு வருடம் திருகாணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஆயிரம் திருகாணிக்கு எத்தனை பழுது என்று எண்ணிச் சொல்வதுதான் என் சம்பளம். இளைப்பாறிய பிறகு எண்ணுவதற்கு யாரும் எதுவும் தருவதில்லை, அகப்பட்டதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கன்ட்ரி இசை எங்கள் வீட்டுக்குள் வந்தது மகளால் அல்ல, என்னால். இதைக் கேட்டால் இங்கே வளர்ந்த பிள்ளைகள் நம்புவதில்லை. எங்கள் நாட்டு வானொலியின் ஆங்கில சேவையில் அந்தப் பாட்டுகள் கொட்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. குதிரையைக் கண்ணால் காணாத நாங்கள், குதிரைக்காரனின் துக்கத்தை வரிக்கு வரி பாடுவோம். ஆங்கிலப் பாடத்தில் நான் சித்தியடைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜேர்மனிக்கு வந்தபின் காரில் பதினான்கு கசெற் வைத்திருந்தேன். பன்னிரண்டு கன்ட்ரி, இரண்டு தேவாரம். நெடுஞ்சாலையில் கார்கள் நெருங்கி நின்றுவிட்டால் பின்னிருக்கையில் அபிராமி சிணுங்குவாள். கசெற்றைப் போட்டுவிட்டு, எதிரே வரும் லொறிகளை அவளோடு சேர்ந்து எண்ணுவேன். ஹனோவர் போய்வந்த ஒரு மழை நாளில் ஐந்நூற்று முப்பத்தாறு வரை போனோம். அவள் பாட்டோடு சேர்த்து எண்ணுவாள். தாளம் தவறாது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. லொறிகளின் தொகையைத்தான் கவனித்தேன்.

மாட்டுக்காரப் பாட்டு

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளை வீணை வகுப்பில் சேர்த்தோம். இரண்டு வருடம் போனாள். மூன்றாம் வருடம் வீணைக்குக் கொடுத்த காசில் கிற்றார் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். புவனம் ஒரு நாள் பேசாமல் இருந்தாள். நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் அது கோபத்தால் அல்ல. அவள் வாசித்த முதல் பாட்டு என் ஏழாவது கசெற்றின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

பிறகு, ஊர்ப்புற மண்டபங்களில் தொப்பியும் தோல் சப்பாத்தும் போட்ட ஜேர்மன்காரர்கள் வரிசையாக நின்று ஆடும் கழகங்களுக்குப் பாடப் போனாள். முதல் தரம் நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். முப்பத்தொரு தொப்பிகள் திரும்பி எங்களைப் பார்த்தன. "ஒலிபெருக்கி திருத்த வந்தவர்களா?" என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார். அவள் மேடையில் ஏறி முதல் வரியைப் பாடிய பிறகு அதே மனிதர் எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார்.

எங்கள் ஆட்கள் அவ்வளவு மரியாதை காட்டவில்லை. சிவலிங்கம், முகாமிலும் பிறகு தொழிற்சாலையிலும் என்னோடு இருந்தவர், கோயிலில் கண்டாலே கேட்பார்:

"என்ன மாஸ்ரர், பிள்ளை இன்னும் மாட்டுக்காரற்ரை பாட்டோ?"

ஒருநாள் புவனத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஓம் சிவலிங்கண்ணை, நீங்கள் வளர்த்த மாட்டுக்கும் சேர்த்துத்தான் பாடுறாள். வந்து கேளுங்கோவன்."

சிவலிங்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் யாரும் பெரிதாக வரவில்லை. பகலில் அவள் ஹம்பேர்க்கில் உடலியக்க மருத்துவம் செய்கிறாள். மற்றவர்களின் முழங்காலையும் முதுகையும் நிமிர்த்துகிற வேலை. மிஞ்சிய நேரத்தில் பாடினாள். பீலெஃபெல்டில் ஒரு மதுச்சாலையின் பின்னறையில் அவள் பாடியபோது நான் ஆட்களை எண்ணியிருக்கிறேன். ஆகக் கூடியது பத்தொன்பது. அதில் நாங்கள் இருவர், பரிமாறுகிறவர் ஒருவர்.

ஒன்பது தரம் பாடிய பாட்டு

இசைத்தட்டை ஹம்பேர்க்கில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் ஆறு நாளில் பதிவு செய்தார்கள். பெயர் "ஏழு முகவரிகள்". எழுதியவள், பாடியவள் அவளே. நாங்கள் இந்த நாட்டில் இருந்த வீடுகள் ஏழு. பாட்டுகள் பதினொன்று, சில வீடுகளுக்கு இரண்டு பாட்டு தேவைப்பட்டது.

நாலாம் நாள் நான், புவனம் பொரித்துத் தந்த நாற்பத்தெட்டு பற்றீஸோடு போனேன். எல்லோரும் ஒரே அறைக்குள் ஒன்றாக வாசிக்க, ஒன்றாகப் பதிவு செய்வது அவர்கள் முறை. ஒருவர் பிழை விட்டால் எல்லோரும் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரு மனிதர் தையல் இயந்திரத்துக்கு முன்னால் இருப்பதுபோல் இருந்து, கால்களால் மிதித்து, முழங்காலால் தள்ளி, படுக்க வைத்த கிற்றாரின் பத்துத் தந்தியில் உருக்குத் துண்டை வழுக்கி வாசித்தார். அந்த ஒலி வந்ததும் என் நெஞ்சுக்குள் ஏதோ வழுக்கியது. எனக்கு இருதயத்தில் இரண்டு குழாய் வைத்திருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் பயந்தும் போனேன்.

அன்று பதிவு செய்தது நெடுஞ்சாலையில் ஒரு தகப்பன் மகளோடு லொறி எண்ணுகிற பாட்டு. எனக்கு முன்கூட்டி அவள் சொல்லவில்லை. ஒன்பது தரம் பாடினாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு தரத்துக்கும் பழுது குறித்தேன். ஏழாவதில் பழுதே இல்லை.

பதிவை நடத்திய ஹென்றிக், நரைத்த குடுமிக்காரர், நாலாவதை எடுத்தார். நான் எதிர்த்தேன்.

"அதில் தந்திக்காரர் அரைத் தாளம் பிந்தி வருகிறார். கடைசியில் இவளின் குரல் உடைகிறது."

ஹென்றிக் பற்றீஸை விழுங்கிவிட்டு மகளைப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

"அப்பா, இது திருகாணி இல்லை. உடைஞ்சதுதான் வேணும்."

தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் உடைந்ததைக் கழித்து எறிந்தவனுக்கு அது விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. இன்று கேட்கிறபோது, அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறேன்.

மேசையில் மிஞ்சக் கூடாது

இனி என் பிழைக்கு வருகிறேன். இதை விளங்க வேண்டுமென்றால் எங்கள் வெளியீட்டு விழாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை. முதற்பிரதி ஒரு வர்த்தகப் பெருமகனுக்கு. பிறகு சிறப்புப் பிரதிகள். பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக மேடைக்குப் போய், காசு வைத்த என்வலப்பைக் கொடுத்து, புத்தகத்தையோ தட்டையோ வாங்கி, படத்துக்கு நின்று இறங்க வேண்டும்.

இந்த நாட்டில் நான் அப்படி நாற்பத்துமூன்று விழாவுக்குப் போயிருக்கிறேன். வாங்கிய பத்தொன்பது இசைத்தட்டில் பதினேழின் பொலித்தீனைப் பிரிக்கவேயில்லை. கேட்பதற்காக வாங்கவில்லை, மேசைக்காக வாங்கினேன்.

விழா முடியும்போது மேசையில் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. அதுதான் எங்கள் மரியாதை. மிஞ்சினால், படைத்தவரின் வீட்டார் யாருக்கும் தெரியாமல் பத்துப் பத்தாக எடுத்துக் காரின் பின்பெட்டியில் வைத்துவிடுவார்கள். படைத்தவர் திரும்பிப் பார்க்கும்போது மேசை வெறுமையாக இருக்க வேண்டும். நானே எத்தனையோ பேருக்கு அப்படித் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அதை நான் ஒருநாளும் பொய் என்று நினைத்ததில்லை.

அபிராமி விழா வேண்டாம் என்றுவிட்டாள்.

"மண்டபம் வேண்டாம் அப்பா. கடைக்கு வரும். வேணுமெண்ட ஆக்கள் வாங்குவினம்."

"வேண்டாமெண்ட ஆக்கள்தானே பிள்ளை கனபேர்?"

"அவை வாங்கத் தேவையில்லை."

தட்டு வெளிவந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் நகர் நடுவில் இருக்கும் இசைத்தட்டுக் கடைக்குப் போனேன். பார்க்கத்தான் போனேன். கன்ட்ரி அடுக்கின் தட்டத்தில் என் மகளின் முகம், ஐந்து தரம். ஒரு மணி நேரம் நின்றேன். யாரும் தொடவில்லை. பக்கத்துத் தட்டத்தில் எவனோ ஒரு தாடிக்காரனை எல்லோரும் எடுத்தார்கள். என்னால் பார்க்க ஏலவில்லை. ஐந்தையும் வாங்கினேன்.

மனம் ஆறி வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் போனால் பத்து நிற்கிறது! நல்லாய் விற்கிறது என்று கடைக்காரர் கூட எடுப்பித்திருக்கிறார். பத்தையும் வாங்கினேன். திங்கள் இருபத்துநாலு. செவ்வாய் முப்பத்தைந்து. புதன் நாற்பத்துநாலு. நான் துடைக்கத் துடைக்க மேசை நிரம்பியது. காதில் வளையம் போட்ட அந்தக் கடைக்காரர், "உங்களுக்கு இதில் என்ன அவ்வளவு விருப்பம்?" என்று கேட்டார்.

"எனக்கு மருமக்கள் கனபேர்" என்றேன்.

"நூறு பேரா?"

"எங்கள் குடும்பம் பெரிது."

வியாழக்கிழமை ரெயிலேறி ஹனோவரில் நாலு கடை, ஐம்பத்தொன்று. ஹம்பேர்க்கில் மூன்று கடை, நாற்பத்துமூன்று. மகளின் ஊர் என்பதால் ஹம்பேர்க்கில் மட்டும் தொப்பி போட்டுக்கொண்டேன். ஒரு தட்டு தொண்ணூற்றாறு கிராம். தொண்ணூற்றுநாலு தட்டையும் உருட்டுப் பையில் இழுத்துக்கொண்டு வந்தேன். நாரியும் முதுகும் இரண்டு நாள் நிமிரவில்லை. மகளிடம் காட்டவும் ஏலாது.

புவனத்தின் தீர்ப்பு

ரயரில் இருந்த என்னைத் தேடிப் புவனம் இறங்கி வந்தாள். விரிப்பைத் தூக்கினாள். ஒரு பெட்டியைத் திறந்தாள், இரண்டாவதைத் திறந்தாள், மூன்றாவதைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு விசரோ?"

"மேசையில மிஞ்சக் கூடாதெண்டு..."

"ஞாயிற்றுக்கிழமை அவள் றேடியோவில ஊருக்கு நன்றி சொல்லப் போறாள். ஆருக்கு நன்றி? இந்தப் பெட்டியளுக்கோ?"

நான் விரிப்பை இழுத்துப் பெட்டிகளை மூடினேன்.

"நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"ரெலிபோனில சொல்லுறன்."

"ரெலிபோனில வேண்டாம். நேர போங்கோ. அவள் கத்தினாலும் பக்கத்தில இருந்து கத்தட்டும்."

மேலே வந்தபோது தொலைபேசி மறுபடி அடித்தது. சிவலிங்கம். "மாஸ்ரர், மாட்டுக்காரப் பாட்டு வெண்டிட்டுதாம்! கோயிலில சொல்லிச்சினம். நானும் நாளைக்கு ஒண்டு வாங்கத்தான் வேணும்." இருபது வருடம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதை அனுபவிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒன்பது

சனிக்கிழமை ஹம்பேர்க் பிரதான நிலையத்துக்குப் பக்கத்தில், தமிழ்ப் பலசரக்குக் கடையோடு சேர்ந்த சின்னச் சாப்பாட்டுக் கடையில் அவளைச் சந்தித்தேன். அவள் கொத்து ரொட்டி எடுத்தாள். நான் வெறும் தேத்தண்ணி. அவளுடைய முகம் அவ்வளவு வெளிச்சமாக இருந்தது. இன்னும் பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும் என்று பொறுத்தேன். பிறகு சொன்னேன்.

அவள் கரண்டியை வைத்தாள்.

"எத்தினை?"

"இருநூற்றுப் பன்ரெண்டு."

"பீலெஃபெல்டில?"

"நூற்றுப் பதினெட்டு."

கழித்தல் அவளுக்கு நான் படிப்பித்தது. ஒரு வினாடி கூட எடுக்கவில்லை.

"அப்ப ஒன்பது."

"ஓம். ஒன்பது."

உள்ளே சமையல்காரர் தகட்டில் ரொட்டி கொத்திக்கொண்டிருந்தார்.

"என்ர பீலெஃபெல்ட் பள்ளிக்கூட மியூசிக் ரீச்சர் மெசேஜ் போட்டவ அப்பா. மூண்டு தரம் கடைக்குப் போனாவாம், மூண்டு தரமும் முடிஞ்சுதாம். நான் அதைப் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டனான். முடிச்சது நீங்களோ?"

அது எனக்குத் தெரியாது. அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிய வந்தது. வாங்க வந்தவர்களை நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"மேசையில மிஞ்சினா உனக்கு அவமானமெண்டு..."

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு வயதிலிருந்து அந்த விழாக்களில் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றவள்.

"அது மண்டபம் அப்பா. இது கடை. கடையில மிஞ்சத்தான் வேணும். மிஞ்சினாத்தானே தெரியாத ஒருத்தர் வந்து எடுக்கலாம்?"

கத்துவாள் என்று புவனம் சொன்னாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. கண்ணைத் துடைத்துவிட்டு ஹென்றிக்குக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுபக்கம் அவர் பெரிதாகச் சிரிப்பது எனக்கே கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. பட்டியல் போடுகிற நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை எழுதி அறிவிப்பதென்று முடிவெடுத்தார்கள். அவர்கள் அந்த இடத்தைக் கழித்தார்களா, விட்டார்களா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவள் அன்றைக்கே கழித்துவிட்டாள்.

"முதல் கிழமை எனக்கு இல்லை. இந்தக் கிழமைதான் கணக்கு. ஒண்டு கூட வாங்கக் கூடாது. நீங்கள் வாங்கக் கூடாது, அம்மா வாங்கக் கூடாது, சிவலிங்கம் மாமாவை விட்டும் வாங்கக் கூடாது."

"அவர் தானா வாங்கப் போறனெண்டு..."

"தானா வாங்கினா வாங்கட்டும்."

எழும்பும்போது என் தேத்தண்ணிக்கும் அவளே காசு கொடுத்தாள். வாசலில் வைத்து என் கழுத்துச் சால்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில், சொந்த ஊர் உங்களை எப்படி வரவேற்றது என்று கேட்டார்கள். புவனம் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். "பீலெஃபெல்டில் ஒன்பது தட்டு விற்றது," என்றாள் என் மகள், தெளிவான ஜேர்மனில். "என் அப்பாவைச் சேர்க்காமல். அந்த ஒன்பது பேரையும் எனக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பெருமை." பேட்டி எடுத்தவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். பிறகு லொறிப் பாட்டைப் போட்டார்கள்.

முப்பது தட்டு

திங்கட்கிழமை கடைத் தட்டத்தில் முப்பது நின்றது. என்னை நம்பிக் கடைக்காரர் எடுப்பித்த முப்பது. என்னைக் கண்டதும் பை ஒன்றை விரித்துப் பிடித்தார்.

"இன்றைக்கு வேண்டாம்," என்றேன்.

"மருமக்கள் முடிந்துவிட்டார்களா?"

"முடிந்துவிட்டார்கள்."

அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. செவ்வாய் போனேன், முப்பது. கைகளைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு புவனத்திடம், "ரெண்டே ரெண்டு வாங்கட்டோ?" என்று கேட்டேன். அவள் என் காசுப்பையை எடுத்துத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

புதன்கிழமை பின்னேரம் இருபத்தாறு. நாலு குறைந்திருந்தது. நான் மூன்று தரம் திருப்பி எண்ணினேன். பழைய ஜாஸ் தட்டுகளைப் பார்க்கிற மாதிரி ஒரு மூலையில் நின்றேன்.

சைக்கிள் தலைக்கவசத்தோடு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். உடம்பெல்லாம் ஈரம். என் மகளை எடுத்தாள். திருப்பிப் பின்பக்கத்தை வாசித்தாள். திரும்ப வைத்துவிட்டாள். வேறு தட்டத்துக்குப் போனாள். என் இருதயத்துக் குழாய் இரண்டும் எனக்குத் தெரிந்தன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். திரும்பி வந்தாள். எடுத்தாள். இந்த முறை வைக்கவில்லை.

காசு கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தவளிடம் நான் கேட்டுவிட்டேன். வாங்கத்தானே தடை, கேட்கத் தடை இல்லையே.

"மன்னிக்க வேண்டும். அது நல்லதா?"

"இன்னும் தெரியாது," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை காரில் ஒரு பாட்டுக் கேட்டேன். அதில் ஒருவர் லொறி எண்ணுகிறார். நானும் எண்ணத் தொடங்கிவிட்டேன். வெளியேற வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஊர் வரை போய்த் திரும்பி வந்தேன்."

"எத்தனை எண்ணினீர்கள்?"

அவள் என்னைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தாள். "அறுபது வரை இருக்கும்."

அந்த மனிதர் நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் என் மகளை வாங்கியிருந்தாள், என்னை அல்ல. சைக்கிளில் ஏறி மழைக்குள் போனாள். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு பெருமை வந்ததில்லை. என் பட்டமளிப்பிலும் வந்ததில்லை, ஜேர்மன் கடவுச்சீட்டு கையில் கிடைத்த அன்றும் வந்ததில்லை. யாரோ ஒருத்தி. எங்களுக்கு ஒன்றும் கடமைப்படாதவள். வைத்துவிட்டுப் போயிருக்கலாம், திரும்பி வந்தாள்.

வியாழன் கடை பூட்டும்போது தட்டத்தில் பதினேழு மிஞ்சியிருந்தது. பதின்மூன்று பேர். மிஞ்சிய பதினேழையும் நான் ஆசையோடு பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த வெள்ளி

நாலு மணிக்கு அவளிடமிருந்து தொலைபேசி வரவில்லை. நாலேகாலுக்கும் வரவில்லை. புவனம் ஒரே கிண்ணத்தை மூன்று தரம் கழுவினாள். நாலு முப்பத்தெட்டுக்கு மணி அடித்தது.

"அப்பா."

"ஓம் பிள்ளை."

"ஒண்டும் வாங்கேல்லையே?"

"அம்மா காசுப்பையைப் பூட்டி வச்சிருக்கிறா."

"அறுபத்துநாலு."

நான் கழித்துப் பார்க்க மறந்துபோனேன். பதினைந்து இடம் ஏறியிருக்கிறது என்று புவனம்தான் கணக்குச் சொன்னாள். இரண்டாம் கிழமையில் பெரும்பாலான தட்டுகள் இறங்குமாம். ஹென்றிக் தன் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கண்டதில்லையாம். சொல்லி முடித்துவிட்டு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஆறு நாளாக நான் கேட்கவில்லை.

"ஏழு முகவரிகள்" அந்தப் பட்டியலில் ஒன்பது கிழமை இருந்தது. சிவலிங்கம் தானாக ஒன்று வாங்கினார். பொலித்தீனைப் பிரித்தார் என்பதற்கு எனக்குச் சான்று உண்டு: மூன்றாம் பாட்டில் முகாமின் அடுப்புத் தொகை பிழை என்று அவளுக்கே எழுதியிருக்கிறார். கோடையில் அவள் பீலெஃபெல்டில் பாடினாள். அறுநூற்றுப் பதினாலு கதிரை. வெறுமையாக இருந்தவை பதினொன்று. அவற்றை நிரப்ப நான் யாரையும் கூட்டி வரவில்லை.

இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனத்தின் கணக்கு வந்தபோது, நான் வாங்கிய தட்டுகளுக்கு அவளுக்குச் சேர்ந்த பங்கை, தட்டுக்கு ஒரு யூரோ தொண்ணூறு சதப்படி, என் வங்கிக்கு அனுப்பிவிட்டாள். காரணம் எழுதுகிற இடத்தில் "இவை விற்கப்படவில்லை" என்று போட்டிருந்தாள். நான் மறுக்கவில்லை. அவள் சொன்னது சரி.

தட்டு ஒன்று பதினாறு யூரோ தொண்ணூற்றொன்பது சதம். ரெயிலுக்கு மாதச் சீட்டு இருந்ததால் அதைச் சேர்க்கவில்லை. அவள் திருப்பித் தந்ததைக் கழித்துப் பார்த்தால், என் உதவி இல்லாமலே என் மகள் வெல்லுவாள் என்று அறிந்துகொள்ள எனக்குச் செலவானது மூவாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது யூரோ எட்டுச் சதம்.